நீலத் தொட்டிக் கட்டடத்தில் பதினோரு பேர்

அந்த வட்டாரத்தில் அவளுக்கு ‘எத்தனபேரு அக்கா’ என்று பேர். கதவு திறந்ததும் வணக்கம் சொல்வாள், கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூக்கிக் காட்டுவாள், “வீட்டுல எத்தன பேரு?” என்று ஆரம்பித்துவிடுவாள். சர்வீஸில் சேர்ந்த நாள் முதல் இதே கேள்விதான். நாட்டில் மக்கள் எவ்வளவு, வேலையில் இருப்பவர் எவ்வளவு, வாடகை ஏறியதா இறங்கியதா, ஒரு அறையில் சராசரியாக எத்தனை பேர் படுக்கிறார்கள் என்றெல்லாம் புள்ளியியல் துறை வருஷா வருஷம் வெளியிடும் கணக்குகளுக்கு அடியில், இவளைப் போலப் படியேறி இறங்குகிறவர்களின் முழங்கால்கள்தான் தேய்ந்துகொண்டிருந்தன.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். “ஊர்ல இருக்கிற லிஃப்ட் பூரா நான் சரி பண்ணி வைக்கிறேன். இவ என்னடான்னா லிஃப்டே இல்லாத கட்டடமாப் பார்த்து ஏறுறா” என்று சொல்லிச் சிரிப்பான்.

“லிஃப்ட் இருக்கிற வீட்டுல கதவத் திறக்க மாட்டாங்க. வாட்ச்மேனத் தாண்டறதுக்குள்ள பாதி நாள் போயிடும்” என்பாள் அவள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா போன பிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள், படிக்க வைத்தாள். படிப்பு ஏறவில்லை. ஆனால் பேச்சு ஏறியது. வீடு, மனை வாங்கி விற்கும் புரோக்கராகி, நாலு பேர் மதிக்கும்படி ஒரு வண்டியும் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில்தான். வேறு எங்கே எவ்வளவு பெரிய வியாபாரம் இருந்தாலும் அதை விட மாட்டான்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. அவளுடைய பட்டியலில் பதில் கிடைக்காத வீடுகள் மிகக் குறைவு. மனைவி சும்மா இருக்கிறாள் என்று சொல்லும் புருஷனின் பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிடுவாள். ஆனால் முகத்தில் அடித்தாற்போல எதையும் கேட்க மாட்டாள். கொடுக்கும் தண்ணீரைக் குடிப்பாள், காத்திருப்பாள். பயப்படுகிறவர்களிடம் சொல்வதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. “நீங்க சொல்றது எங்கயும் போகாது. பேரு அழிஞ்சிடும், எண்ணிக்கை மட்டும்தான் நிக்கும். போலீஸ் கேட்டாலும் குடுக்க மாட்டோம், வரி ஆபீஸ் கேட்டாலும் குடுக்க மாட்டோம். சட்டம் அப்படி.” வேலையில் சேரும்போது அதற்காக உறுதிமொழி எடுத்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அதை அவள் மனசார நம்பினாள்.

பஸ் டிப்போவின் பின்பக்கத்தில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் நீல நிறத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி. பழைய ஒப்பந்தம், பழைய வாடகை. அதை ஏற்றவும் முடியாது, குடியிருப்பவரைக் காரணமில்லாமல் காலி செய்யவும் முடியாது என்று சட்டம். அதனால் கட்டடத்துக்காரர் சுண்ணாம்பு அடிப்பதைக்கூட நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒப்பந்தத்தில் பேர் உள்ளவர்களோ எப்போதோ வசதியான இடங்களுக்குப் போய்விட்டு, வீடுகளை இரண்டு மடங்குக்கு உள்வாடகை விட்டிருந்தார்கள். வாங்கும் வாடகைக்கு ரசீது கிடையாது.

மூன்றாவது மாடியில் அப்படி ஒரு உள்வாடகை வீட்டில்தான் பட்டன்காரம்மா இருந்தாள். சட்டைத் தொழிற்சாலையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். பட்டன் தைத்து, நூல் பிசிர் வெட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். புருஷன் இறந்துபோனவன். அவனுடைய அப்பா மட்டும் இவளோடு தங்கிவிட்டார்.

“நாலு பேருக்கா” என்றாள் பட்டன்காரம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான், ரெண்டு பொண்ணுங்க, மாமனாரு.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். கூடத்தை ஒட்டுப்பலகையால் தடுத்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று குறட்டைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. குழாயடியில், கழுத்தை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் பல் தேய்க்கும் பிரஷ்கள் பூங்கொத்து மாதிரி நின்றன. பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து இவளைப் பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தார்.

“மாமனாருக்குப் பல்லு எத்தன இருக்கு?” என்று கேட்டாள்.

பட்டன்காரம்மா நிமிர்ந்தாள். குழாயடியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். “போங்கக்கா, நீங்க ஒரு ஆளு” என்றாள்.

பிறகு சிரிப்பு போய்விட்டது. “வெளிய தெரிஞ்சா எங்கள விட மாட்டாங்கக்கா. நாலே போட்டுக்குங்க.”

“நாலுன்னு போட்டுட்டுப் போறது எனக்கும் சுலபம்தான். ஆனா இந்தத் தெருவுல எல்லாரும் நாலு நாலுன்னு சொல்லிட்டா, இங்க இடம் தாராளமா இருக்குன்னு மேல இருக்கிறவங்க நெனச்சுப்பாங்க. எங்க புது வீடு கட்டணும், எந்தத் தெருவுக்குத் தண்ணி வேணும், எல்லாம் இத வச்சுத்தான் முடிவு பண்றாங்க.”

“எங்கயும் போயிடாதே?”

“போகாது.”

“உங்கள நம்பித்தான் சொல்றேன்.”

பதினோரு பேர். தடுப்புக்குப் பின்னால் ஏழு ஆண்கள். நாலு பேருக்கு ரொட்டி அடுப்பில் ராத்திரி வேலை, மூன்று பேர் ராத்திரிக் காவலாளிகள். பகலில் அவர்கள் படுத்து எழுந்த இடத்தில்தான் ராத்திரியில் பெண் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை விரிப்பார்கள். அவர்கள் கொடுக்கும் பணமும் பட்டன் காசும் சேர்ந்துதான் வாடகை. இரண்டு அறை, ஒரு கழிவறை, பதினோரு பேர். அவள் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டித் தட்டிப் பதிவு செய்துகொண்டு, பெரியவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வீட்டு விலைக் கணக்கு வந்திருந்தது. விலை ஏறியிருந்தது. தம்பி பத்திரிகையைத் தட்டுக்குப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

“பார்த்தியாக்கா? உங்க ஆபீஸே சொல்லிடுச்சு. ஜனங்க கையில காசு புரளுது. வீடு வாங்கறதுக்கு வரிசையில நிக்கறாங்க.”

“எந்த ஜனங்க?”

“எல்லாரும்தான். நாடு முன்னேறுதுல்ல?”

“உன் மூஞ்சி. டிப்போ பின்னாடி போய்ப் பாரு. ரெண்டு ரூம்ல பதினோரு பேரு படுத்துக் கெடக்காங்க. அவங்களப் போயி வரிசையில நிக்கச் சொல்லு.”

கணவன், “பதினோரு பேரா? லிஃப்ட்லயே எட்டுக்கு மேல ஏத்த மாட்டோமே” என்றான். மூவரும் சிரித்தார்கள்.

தம்பி குழம்பை ஊற்றிக்கொண்டே, “டிப்போ பின்னாடின்னா, அந்த நீலத் தொட்டிக் கட்டடமா? மூணாவது மாடியில ஒரு அம்மா சட்டை மூட்டையா வாங்கி வச்சிருக்குமே?” என்று கேட்டான்.

அவள் பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பரிமாற வேண்டி எழுந்தாள். இல்லை என்றும் சொல்லவில்லை. தம்பி பேச்சை வேறு பக்கம் திருப்பினான், அவளும் அதை அத்தோடு மறந்துபோனாள்.

அந்தக் கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டும். இரண்டாவது முறை அவள் போனபோது கட்டடத்து வாசலில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அளவுக்கு மீறி ஆட்கள் குடியிருப்பதால் கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, குடியிருப்போர் உடனே காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஓரமாக நடைபாதையில் அலமாரிகள், பாத்திரங்கள், கழற்றிய ஒட்டுப்பலகைகள். சட்டை மூட்டையின் மேல் பெரியவரை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு இருமல். சின்னப் பெண் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பட்டன்காரம்மா அவளைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். கத்தப்போகிறாள் என்று இவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

“வந்து எண்ணுனாங்க மேடம். கதவத் தட்டி உள்ள வந்து, பதினோரு பேருன்னு புகார் வந்திருக்கு, எல்லாரும் எழுந்து நில்லுங்கன்னாங்க. பத்துன்னு சொல்லல, பன்னெண்டுன்னு சொல்லல. நான் உங்கள்ட்ட மட்டும்தான் சொன்னேன்.”

அக்கா என்றவள் மேடம் என்றது சுருக்கென்றது. “எங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு எழுத்துகூடப் போகாதும்மா. நான் சத்தியம் பண்றேன். போகவே முடியாது” என்றாள். நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னாள்.

“அப்ப யாரு சொல்லியிருப்பாங்க?”

அவள் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸை இன்னொரு தடவை படித்தாள். திரும்பி நடந்தாள். தெரு முனையில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு எழுப்பப்போகும் கண்ணாடி மாளிகையின் படம், முன்பதிவு நடக்கிறது என்ற அறிவிப்பு, கீழே ஒரு போன் நம்பர். அந்த நம்பரை அவள் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாரத்தில் பாதி நாள் அவள் கை தானாக அமுக்குகிற நம்பர் அது. பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியின் ஆபீசுக்கு நேரே போனாள். ஆட்கள் இருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனே எழுந்து வெளியே வந்தான்.

“நீலத் தொட்டிக் கட்டடம் உன் வேலையா?”

“கட்டடத்துக்காரர் ரொம்ப நாளா அதக் காலி பண்ண வழி தேடிக்கிட்டு இருந்தாருக்கா. நான் இல்லன்னா இன்னொருத்தன் பண்ணியிருப்பான்.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. நான் சொன்னதாலதானே?”

அவன் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தான். அக்காவிடம் மட்டும் அவனுக்கு வாய் கொஞ்சம் குழறும். “நெறைய பேரு இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எத்தன பேருன்னு தெரியாது. வெறுமனே நெறைய பேருன்னு எழுதினா நகராட்சியில எடுத்துக்க மாட்டாங்க. எண்ணிக்கை இருந்தாத்தான் வந்து பார்ப்பாங்க.”

“அந்தப் பெரியவரு ரோட்டுல உட்கார்ந்திருக்காருடா.”

“மாற்று வீடு குடுக்கறாங்கக்கா. குடியிருந்தவங்களுக்கெல்லாம் ஊருக்கு வெளிய ரூம் உண்டு. சட்டப்படிதான் நடக்குது.”

அவள் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னபோது, அவன், “சாப்பிடறப்ப பேசினதுதானே? வேணும்னேயா பண்ணே?” என்றான். ஆறுதலுக்குச் சொன்னான். அவளுக்கு அது ஆறவில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஓய்வு பெறுவதற்குக் காத்திருக்கும் மனுஷன் அவர். கேட்டு முடித்ததும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இத எழுத்துல மட்டும் குடுத்துடாதீங்கம்மா. கணக்கெடுப்புல சொன்னது வெளிய போச்சுன்னு ஒரு பேச்சு கெளம்பினா, நாளைக்கு ஒரு வீட்டுலயும் உண்மை சொல்ல மாட்டாங்க. மொத்த வேலையும் படுத்துடும்.”

“உண்மையிலயே போச்சே சார்.”

“ஆபீஸ்லேர்ந்து போகலையே. உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேர்ந்து போச்சு. நாலு நாள் லீவு போட்டுட்டு வாங்க.”

தண்டனை கிடைத்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு. லீவில் பட்டன்காரம்மாவைத் தேடினாள். தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் மூட்டை சுமக்கும் வண்டிக்காரன்தான் இடம் சொன்னான். டிப்போவுக்கு அப்பால், டயர் ஒட்டும் கடைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. காவலாளிகளும் ரொட்டிக் கடை ஆட்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டிருந்தார்கள். பெரியவரைக் காணோம்.

“மாமா?”

“போயிட்டாரு. நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடியே.”

அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு, தான் இல்லையென்று சொல்லாமல் எழுந்துபோனது. பட்டன்காரம்மா தைத்துக்கொண்டே கேட்டாள். ஒரு சட்டையை முடித்து மடித்து வைத்தாள், அடுத்ததை எடுத்தாள்.

“அன்னிக்கு நெஞ்சுல கைய வச்சு சத்தியம் பண்ணீங்களே.”

“அன்னிக்கு எனக்குத் தெரியாதும்மா.”

“இப்ப என்ன, நான் உங்கள மன்னிக்கணுமா?”

“இல்ல.”

“அப்ப ஒண்ணு செய்யுங்க. மாற்று ரூம் குடுக்கறாங்களாமே, அங்க கேட்டா, நான் அந்த வீட்டுல இருந்ததுக்கு அத்தாட்சி கேக்கறாங்க. எங்கிட்ட ரசீது இருக்கா, ஒப்பந்தம் இருக்கா? ஒப்பந்தத்துல பேரு உள்ளவருதான் குடியிருந்தாருன்னு அவருக்கு நஷ்டஈடு குடுத்துட்டாங்க. அவரு அந்த வீட்டுப் படியேறிப் பத்து வருஷம் ஆச்சு. நாங்க அங்க இருந்தத எழுதி வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான். அதக் குடுங்க.”

அவள் வாயைத் திறந்தாள். சட்டம் என்ன சொல்லும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. “கேட்டுப் பார்க்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

கேட்டாள். சூப்பர்வைசர் மேலே கேட்டார். மேலே இருந்தவர்கள் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினார்கள். தனிப்பட்ட குடும்பத்தின் விவரத்தை யாருக்கும் தர இயலாது. அந்தக் குடும்பமே கேட்டாலும் ஒரு சான்றாக எழுதித் தர இயலாது. சூப்பர்வைசர் அதைப் படித்துக் காட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ரகசியம்னா ரகசியம்தான்மா” என்றார். அவருக்கே அது நன்றாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் வேறு மாதிரி முடிவெடுத்தாள். நகராட்சியில் மாற்று வீடு கொடுக்கும் பிரிவுக்குப் பட்டன்காரம்மாவையும் அழைத்துக்கொண்டு போனாள். அதிகாரி, வயசில் அவளுடைய தம்பியைவிடச் சின்னவன், நாற்காலியைக் காட்டினான்.

“நான் கணக்கெடுப்புக்கு அந்த வீட்டுக்குப் போனேன். இந்த அம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும் அங்க குடியிருந்தத என் கண்ணால பார்த்தேன்.”

“உங்க துறை கடிதம் இருக்கா?”

“குடுக்க மாட்டாங்க. நான் நேர்ல சொல்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தரேன்.”

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். “நீங்க இதச் சொல்லலாமா மேடம்? உங்க வேலைக்கு…”

“சொல்லக் கூடாது. எழுதிக்குங்க.”

பதினோரு பேர் என்றும் எழுதச் சொன்னாள். அதை அவன் மறுத்துவிட்டான். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி. அதற்கு மேல் எழுதினால் மனுவே விதிமீறலாகிவிடும், தாயும் இரண்டு பெண்களும் மட்டும் போதும் என்றான். ஏழு ஆண்களும் பெரியவரும் அந்தத் தாளில் இல்லை. பட்டன்காரம்மா கையெழுத்துப் போட்டாள்.

மாதம் முடிவதற்குள் புள்ளியியல் துறையிலிருந்து விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. உறுதிமொழியை மீறி, ஒரு குடும்பத்தின் விவரத்தை வெளி அலுவலகத்தில் வெளியிட்டது குறித்து. தம்பியிடம் வாய்விட்டதற்கு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. இதற்குக் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்தே பதிலில் எழுதினாள். எழுதாதீர்கள் என்று சூப்பர்வைசர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். வேலை போயிற்று. அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது கயிற்றைத் தனியாகக் கழற்றித் தர வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள்.

பட்டன்காரம்மாவுக்கு அறை கிடைத்தது. ஊருக்கு வெளியே, பஸ் போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்தையும் தாண்டி, வரிசை வரிசையாகக் கட்டிய பெட்டிகளில் ஒன்று. அவ்வளவு தூரத்துக்குச் சட்டை மூட்டை வராது. தைத்து வந்தவள், அங்கிருந்து பஸ் ஏறிப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கத் தொடங்கினாள். பெரிய பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் எட்டாமல் போய், படிப்பும் நின்றது. இவள் ஒருமுறை அவர்களைப் பார்க்கப் போனாள். கதவு பாதி திறந்தது.

“பொண்ணுங்க நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க. நீங்க செஞ்சதுக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா வராதீங்க மேடம். உங்களப் பார்த்தா மாமாதான் நெஞ்சுல வர்றாரு.”

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். அதற்குப் பிறகு போகவில்லை.

நீலத் தொட்டிக் கட்டடம் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. தம்பிக்குக் கமிஷனுக்குப் பதிலாக அதில் ஒரு சின்ன வீட்டைக் கொடுத்தார்கள். அவன் அங்கே குடிபோகவில்லை. விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருந்தான். பக்கத்து வீடுகளையும் வாங்கியவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். டிப்போ பக்கம் பஸ் ஏறுகிறவர்கள், விளக்கு எரியும் ஜன்னல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். தம்பி இப்போதும் எப்போதாவது அக்கா வீட்டுக்கு வந்துபோனான். வந்தால் சாப்பாடு போட்டாள். வளர்த்த கை, போடாமல் இருக்க முடியவில்லை. அவனிடம் பேசத்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் காலையில் கணவன் பத்திரிகையைப் பிரித்தவன், “உன் பழைய ஏரியா வந்திருக்கு, கேளு” என்றான். வருடாந்தரக் கணக்கு வெளியாகியிருந்தது. டிப்போ வட்டாரத்தில் ஒரு அறைக்கு இத்தனை பேர் என்ற சராசரி இரண்டு மூன்று வருஷத்திலேயே நன்றாகக் குறைந்திருந்தது. இட நெருக்கடி தணிந்து, வாழ்க்கைத் தரம் உயர்ந்துவருகிறது என்று ஒரு நிபுணர் கருத்துச் சொல்லியிருந்தார்.

“தப்பாப் போட்டுட்டாங்களோ?” என்று கேட்டான் கணவன்.

“தப்பெல்லாம் இல்ல. கணக்கு சரிதான். அங்க யாரு இருக்காங்கன்னுதானே எண்ணுவாங்க. போனவங்களப் போன இடத்துல எண்ணிக்குவாங்க.”

“அவங்க எல்லாரும் எங்க போனாங்களோ.”

ரொட்டிக் கடையில் ராத்திரி வேலை பார்த்தவர்களில் ஒருவனை அவள் அந்த வாரம்தான் பார்த்திருந்தாள். கண்ணில் ஏதோ தூசி விழுந்து, வீங்கிப்போய் வந்திருந்தான். முகவரி கேட்டபோது, இன்னும் ஒன்றும் இல்லை என்றான். அவன் சொன்ன பேர், அன்று டேப்லெட்டில் அவளே தட்டியது; அவளைத்தான் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. முதல் தடவை அவள் போனபோது அவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவன். வயசு கேட்டாள், முகவரிக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொன்னாள்.

அதைக் கணவனிடம் அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி விஷயம் எதையும் இப்போதெல்லாம் அவள் வீட்டில் பேசுவதில்லை.